ஏசிக்கு இ.எம்.ஐ. போடறதுக்கு முன்னாடி, அந்த ஏசிக்குப் போற வயரைப் பாருங்க!



நம்ம சேனல்ல வழக்கமா எஸ்.ஐ.பி., டேர்ம் இன்ஷூரன்ஸ், வரி சேமிப்புன்னுதான் பேசுவோம். இன்னைக்குக் கொஞ்சம் மாறி, ஸ்விட்ச் போர்டு, எர்த் கம்பி, எலக்ட்ரீஷியன் கூலி பத்திப் பேசப் போறோம். "இதுக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்?"னு கேக்கறீங்களா? எங்க வீட்டுல நடந்ததையே சொல்றேன். நான் பண்ணின தப்பை நீங்க பண்ண வேண்டாம்.

எங்க வீட்டுல என்ன நடந்தது?

எனக்கு ஊர் ஆர்.கே.பேட்டை. திருத்தணி பக்கம், இன்னும் கொஞ்சம் போனா ஆந்திரா. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் மாதிரியே எங்க ஊர்லயும் தறிச் சத்தம் கேக்காத தெரு கம்மி. எங்க வீட்டு முன்பக்கம் ரெண்டு விசைத்தறி ஓடுது. பின்பக்கம் நாங்க இருக்கோம். வீட்டு வயரிங் எல்லாம் 25 வருஷத்துக்கு முந்தினது.

நான் ஒரகடத்துல வேலை பாக்கறேன். வாரக் கடைசியில மட்டும் ஊருக்குப் போவேன். கோடையில திருத்தணி பக்கம் வெயில் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். 40 டிகிரியைத் தாண்டற ஊர்ப் பட்டியல்ல எங்க பேர் அடிக்கடி வரும். நைனா ராத்திரி தூங்க முடியாம வாசல்ல பாய் போட்டுப் படுத்திருந்ததைப் பார்த்துட்டு, ஒன்றரை டன் ஏசி வாங்கிட்டேன். விலை 38,400 ரூபா. 12 மாசம் நோ-காஸ்ட் இ.எம்.ஐ., மாசம் 3,200. கணக்கெல்லாம் பக்காவா போட்டேன். எக்செல் ஷீட்ல ஒரு காலம் கூட விடல.

விட்டது ஒண்ணுதான்: அந்த ஏசியை எந்த வயர்ல மாட்டப் போறோம்னு யோசிக்கல. ஏசி மாட்ட வந்த பையன் ரூம்ல ஏற்கெனவே இருந்த ப்ளக் பாயிண்ட்ல சொருகிட்டுப் போயிட்டான். ஜில்லுனு காத்து வந்தது. எல்லாரும் சந்தோஷமா இருந்தோம்.

ஆடிக்கிருத்திகைக்கு முந்தின நாள். மலைக்குப் போக சொந்தக்காரங்க பத்துப் பேர் வந்து இறங்கிட்டாங்க. ஒரு பக்கம் ஏசி, ஒரு பக்கம் கிரைண்டர், மேல தொட்டிக்கு மோட்டார், யாரோ சட்டைக்கு அயர்ன் பாக்ஸ். டப்புனு ஃபியூஸ் போச்சு. நைனா வழக்கம்போல பழைய வயர்ல இருந்து ரெண்டு செம்பு இழை உருவி ஃபியூஸ் கட்டையில சுத்திட்டு வந்து உக்காந்தாரு. அரை மணி நேரத்துல ரூம்ல தீஞ்ச வாசனை. போய்ப் பார்த்தா ஏசி ப்ளக் பாயிண்ட் கறுத்து உருகியிருக்கு. மெயினை ஆஃப் பண்ணினதால தப்பிச்சோம். பத்தடி தள்ளி, நூலும் பாவும் நிறைஞ்ச தறிக்கூடம்.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஏசி பாயிண்ட்டைப் பார்த்துட்டு, போற போக்குல வாஷிங் மிஷின் மேல டெஸ்டரை வெச்சாரு. டெஸ்டர் எரிஞ்சது.

"தம்பி, இந்த வீட்டுல எர்த்தே இல்ல. மூணு பின் ப்ளக் இருக்கு, மூணாவது ஓட்டையில ஒண்ணுமே இல்ல."

அப்போதான் எனக்கு ஞாபகம் வந்தது. ரெண்டு மாசமா அம்மா போன்ல சொல்லிட்டே இருந்தாங்க: "மிஷினைத் தொட்டா ஜிவ்வுனு இருக்குடா." நான் சொன்ன பதில்: "செருப்பு போட்டுக்கிட்டுத் தொடும்மா." அவ்ளோதான். 38,400 ரூபா ஏசிக்கு யோசிக்காம கார்டு தேய்ச்ச நான், அம்மா சொன்னதுக்கு ஒரு எலக்ட்ரீஷியனைக் கூடக் கூப்பிடல.

ஃபியூஸ் காப்பாத்தறது வயரை, ஆளை இல்ல

நம்மில் நிறைய பேருக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது. "வீட்டுல எம்.சி.பி. போட்டிருக்கோம், ஷாக் அடிச்சா அதுவே ட்ரிப் ஆயிடும்"னு நினைச்சுட்டு இருக்கோம். ஆகாது. ஏன்னு ஒரு சின்னக் கணக்கு பாருங்க.

ஈரக் கையோட கரண்ட்டைத் தொடும்போது நம்ம உடம்போட தடை சுமார் 1,000 ஓம்னு வெச்சுக்கலாம். 230 வோல்ட்டை 1,000-ஆல வகுத்தா 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லிஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைச்சு உயிரை எடுக்க இது தாராளமா போதும். ஆனா உங்க வீட்டு எம்.சி.பி. 16 ஆம்பியர். அதுக்கு 0.23 ஆம்பியர்ங்கறது ஒரு ஃபேன் ஓடற மாதிரி. கண்டுக்கவே கண்டுக்காது. ஆள் துடிச்சுட்டு இருப்பாரு, எம்.சி.பி. அப்படியே ஆன்ல இருக்கும்.

அதனால மூணு விஷயத்தைத் தனித்தனியா புரிஞ்சுக்கோங்க.

எம்.சி.பி. அல்லது ஃபியூஸ்: வயர்ல அளவுக்கு மீறி கரண்ட் போனாலும், ஷார்ட் சர்க்யூட் ஆனாலும் நிறுத்தும். வயர் தீப்பிடிக்காம காக்கும்.

ஆர்.சி.சி.பி.: இதுதான் ஆளைக் காப்பாத்தறது. வேலை செய்யற விதம் ரொம்ப சிம்பிள். பையன்கிட்ட 500 ரூபா குடுத்துக் கடைக்கு அனுப்பறீங்க. சாமானும் மீதிச் சில்லறையும் சேர்த்து 500 வரணும். 470 தான் வந்தா நடுவுல எங்கயோ போயிருக்குன்னு அர்த்தம். அதே மாதிரி, ஃபேஸ்ல போன கரண்ட் முழுசும் நியூட்ரல்ல திரும்பி வரணும். 30 மில்லிஆம்பியர் குறைஞ்சாலே, யாரோ ஒருத்தர் உடம்பு வழியாவோ ஈரச் சுவர் வழியாவோ தரைக்குப் போகுதுன்னு புரிஞ்சுக்கிட்டு, கண் இமைக்கற நேரத்துல கட் பண்ணிடும்.

எர்த்: மிஷின் பாடிக்கு கரண்ட் கசிஞ்சா, நம்ம உடம்பைத் தேடாம நேரா மண்ணுக்குப் போறதுக்கான வழி.

எர்த் மட்டும் இருந்தா போதாதான்னு கேப்பீங்க. கோடையில மண்ணு காய்ஞ்சு எர்த் குழியோட தடை 20 ஓம் ஆயிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. 230-ஐ 20-ஆல வகுத்தா 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதுக்கும் விழாது! கசிவு அப்படியே நீடிக்கும். ஆனா ஆர்.சி.சி.பி. இருந்தா அந்த நொடியே விழும். எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் ஜோடியா இருக்கணும்னு சொல்றது இதுக்குத்தான்.

ஆர்.சி.சி.பி. வாங்கும்போது 30 மில்லிஆம்பியர்னு பார்த்து வாங்குங்க. 100, 300 மில்லிஆம்பியர்லயும் கிடைக்கும். அது தீ விபத்தைத் தடுக்க, ஆளைக் காப்பாத்த இல்ல. ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் பாருங்க. தமிழ்நாட்டுல புது வீட்டு இணைப்புக்கு இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியிருக்காங்க. பிரச்சினை நம்மள மாதிரி பழைய வீட்டுக்காரங்களுக்குத்தான். யாரும் வந்து கேக்க மாட்டாங்க, நாமளா போட்டாத்தான் உண்டு.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒரு கையால ஃபேஸையும் இன்னொரு கையால நியூட்ரலையும் பிடிச்சா ஆர்.சி.சி.பி.யால கண்டுபிடிக்க முடியாது. அதுக்கு நீங்களும் ஒரு பல்புதான். அதனால "இதுதான் இருக்கே"ன்னு மெயினை ஆஃப் பண்ணாம எதையும் கழட்டாதீங்க.

உங்க வீட்டு லோடு கணக்கு

சம்பளத்துக்கு பட்ஜெட் போடற மாதிரி கரண்ட்டுக்கும் ஒரு பட்ஜெட் போடலாம். வாட்டை 230-ஆல வகுத்தா ஆம்பியர். (மோட்டார் உள்ள சாமானுக்கு இதைவிடக் கொஞ்சம் கூடும்.)

- ஒன்றரை டன் ஏசி, சுமார் 1,600 வாட்: 7 ஆம்பியர்
- கீசர் 2,000 வாட்: 8.7 ஆம்பியர்
- இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட்: 8.7 ஆம்பியர்
- ஒரு எச்.பி. மோட்டார், 746 வாட்: 3.2 ஆம்பியர்

மொத்தம் 6,346 வாட், சுமார் 27.6 ஆம்பியர். இதெல்லாம் ஒரே நேரத்துல ஓடினா, பழைய வீட்டோட மெல்லிசு வயர் என்ன ஆகும்? வயர்ல உண்டாகற சூடு கரண்ட்டோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. லூஸா இருக்கற ஜாயின்ட்ல இன்னும் மோசம். எங்க ஏசி பாயிண்ட் உருகினது இப்படித்தான். ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். வயரை நடுவுல முறுக்கி, டேப் சுத்தி விட்டிருந்தாங்க.

பொதுவா எலக்ட்ரீஷியன்கள் பின்பற்றற அளவு: லைட், ஃபேனுக்கு 1 அல்லது ஒன்றரை ஸ்கொயர் எம்.எம்.; பவர் ப்ளக்குக்கு இரண்டரை; ஏசிக்கும் பெரிய கீசருக்கும் 4. ஏசி, கீசர் ரெண்டுக்கும் டி.பி. பாக்ஸ்ல இருந்து தனித்தனி வயர், தனித்தனி எம்.சி.பி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஏசி ஓட்டறது வேண்டவே வேண்டாம்.

இன்னொரு பழக்கத்தையும் விடணும். "அடிக்கடி விழுது"ன்னு 16 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழட்டிட்டு 32 போடறது. இது எங்க நைனா ஃபியூஸ்ல செம்பு இழை சுத்தின அதே வேலைதான், கொஞ்சம் காஸ்ட்லியா. எம்.சி.பி. அளவை முடிவு பண்ண வேண்டியது வயரோட தடிமன், நம்ம அவசரம் இல்ல.

ஏசி, கீசர் எல்லாம் சேர்ந்ததுக்கு அப்புறம் உங்க இணைப்போட அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவுன்னும் பாருங்க. வீட்டு சிங்கிள் பேஸ் இணைப்பு பொதுவா 4 கிலோவாட் வரைக்கும். அதைத் தாண்டினா கூடுதல் லோடுக்கும் த்ரீ பேஸுக்கும் மின்வாரியத்துல விண்ணப்பிக்கணும். மீட்டருக்கு முன்னாடி இருக்கற வயர், மீட்டர் சீல் இதையெல்லாம் தொட வேண்டியது வாரிய ஊழியர் மட்டுமே. சந்தேகம்னா மின்னகம் எண் 94987 94987. எந்த நேரமும் கூப்பிடலாம்.

எவ்வளவு செலவாகும்? என் பில்லைக் காட்டறேன்

எங்க வீட்டுல ஆனது இது. உங்க ஊர், உங்க வீட்டு அளவு, பிராண்டு பொறுத்து மாறும். ஒரு ஐடியாவுக்கு வெச்சுக்கோங்க.

- ஆர்.சி.சி.பி. 40 ஆம்பியர், 30 மில்லிஆம்பியர்: 2,300
- டி.பி. பாக்ஸ்: 1,400
- எம்.சி.பி. 6: 1,320
- ஏசிக்குத் தனி வயர், பைப், எர்த் வயர்: 3,000
- ஏசி பாக்ஸ்: 700
- புது எர்த் குழி, பைப், கம்பி: 3,500
- ரெண்டு பேருக்கு ரெண்டு நாள் கூலி: 4,000
- சில்லறைச் சாமான்: 780

மொத்தம் 17,000 ரூபா. ஏசி விலையில பாதி கூட இல்ல. ஏசி வாங்கும்போதே 38,400-ஐ 55,400-னு நினைச்சு பட்ஜெட் போட்டிருந்தா, பாயிண்ட் உருகியிருக்காது.

இனிமே இப்படிப் பாருங்க: பெரிய சாமானோட விலைங்கறது கடையில ஒட்டியிருக்கற விலை மட்டும் இல்ல. அதை ஓட்டற வயர், எம்.சி.பி., எர்த் எல்லாம் சேர்ந்ததுதான் விலை. அதுக்குப் பணம் இல்லேன்னா, அந்த சாமானுக்கும் இன்னும் பணம் சேரலேன்னுதான் அர்த்தம். ரெண்டு மாசம் தள்ளிப் போடுங்க.

கையில மொத்தமா பணம் இல்லாதவங்க மூணு கட்டமா பிரிச்சுக்கலாம்.

முதல் கட்டம், இந்த மாசமே: எர்த் இருக்கான்னு செக் பண்ணி சரி பண்றது, 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இதுக்கு எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்து எடுத்தாலும் தப்பே இல்ல. இது எமர்ஜென்சிதான்.

ரெண்டாவது கட்டம், மூணு மாசத்துக்குள்ள: ஃபியூஸ் கட்டையை எடுத்துட்டு எம்.சி.பி., ஏசி, கீசர், மோட்டாருக்குத் தனி வயர்.

மூணாவது கட்டம்: வீடு முழுக்க வயர் மாத்தறது. இது பெரிய செலவு. கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் பக்கம் போகாம, தனி ஆர்.டி. போட்டு மாசம் 2,000, 3,000-னு சேருங்க. வெள்ளையடிக்கற வருஷத்தோட சேர்த்துப் பண்ணினா சுவர் உடைக்கற, பூசற செலவு ரெண்டு தடவை ஆகாது.

நல்ல எலக்ட்ரீஷியனை எப்படிப் பிடிக்கறது?

சின்ன ஊர்ல யாரு நல்லா வேலை செய்வாங்கன்னு டீக்கடையிலயே சொல்லிடுவாங்க. ஆனா பழக்கம் வேற, தகுதி வேற. பல்பு, ஃபேன், ஸ்விட்ச், ஃபியூஸ் மாத்தற மாதிரி சின்ன வேலை தவிர, வயரிங் வேலை எதையும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் மூலமாத்தான் செய்யணும்னு மத்திய மின்சார ஆணையத்தோட பாதுகாப்பு விதியே சொல்லுது. தமிழ்நாட்டுல கிண்டியில இருக்கற மின் உரிம வாரியம் ஒப்பந்ததாரருக்கு உரிமமும், மேற்பார்வையாளருக்கும் வயர்மேனுக்கும் தகுதிச் சான்றிதழும் தருது. ஐ.டி.ஐ.யில எலக்ட்ரீஷியன் ட்ரேடு ரெண்டு வருஷப் படிப்பு. இதுல எது இருக்குன்னு கேக்கறது அவமானப்படுத்தறது இல்ல. "அண்ணே, லைசென்ஸ் காப்பி ஒண்ணு வாட்ஸ்அப்ல அனுப்பறீங்களா, எங்க ஆபீஸ்ல கேப்பாங்க"ன்னு பக்குவமா கேட்டா, உண்மையா இருக்கறவங்க சந்தோஷமா அனுப்புவாங்க.

வேலை பேசும்போது இதெல்லாம் கவனிங்க:

1. வந்து பார்க்காம ரேட் சொன்னா உஷார். நல்லவர் முதல்ல மெயினைத் திறந்து பார்ப்பாரு, எர்த் எங்கன்னு கேப்பாரு, மீட்டர் வெச்சு அளப்பாரு. வெறும் டெஸ்டரை மட்டும் வெச்சு முடிவு சொல்றவரை விட மல்டிமீட்டர், டாங் டெஸ்டர் கொண்டு வர்றவர் மேல்.

2. கூலி எந்தக் கணக்குன்னு முதல்லயே பேசுங்க. பாயிண்ட் கணக்கா, நாள் கணக்கா, மொத்தக் கான்ட்ராக்ட்டா? சுவர் உடைக்கறது, திரும்பப் பூசறது யார் செலவு? பாதி சண்டை இங்கதான் வரும்.

3. சாமான் லிஸ்ட்டை எழுதி வாங்குங்க. பிராண்டு, அளவு, எத்தனை மீட்டர்னு இருக்கணும். எலக்ட்ரீஷியனுக்குக் கடைக்காரர் கமிஷன் தர்ற பழக்கம் பல ஊர்ல உண்டு. அதைக் குத்தமா பார்க்க வேண்டாம், ஆனா ரெண்டு கடையில விலை கேட்டு, ஜி.எஸ்.டி. பில்லோட நீங்களே வாங்குங்க. போலி வயர், போலி எம்.சி.பி. நிறைய சுத்துது. பில் இல்லாம 200 ரூபா மிச்சம் பண்றது இங்க வேண்டாம்.

4. அட்வான்ஸ் அளவா குடுங்க. சாமான் நீங்களே வாங்கினா அட்வான்ஸ் பெருசா தேவைப்படாது. கடைசித் தவணையைக் கொஞ்சம் நிறுத்தி வெச்சு, ரெண்டு நாள் ஃபுல் லோடுல ஓட்டிப் பார்த்துட்டுக் குடுங்க. அதை முதல்லயே சொல்லிடுங்க.

5. சுவர் மூடறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. எந்த வயர் எந்தப் பக்கம் போகுதுன்னு பின்னாடி ஆணி அடிக்கும்போது தெரியும்.

6. முடிச்சதும் உங்க கண் முன்னாடி டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. ஆர்.சி.சி.பி.யில இருக்கற டெஸ்ட் பட்டனை அழுத்தினா உடனே விழணும். எர்த் எவ்வளவு ஓம் காட்டுதுன்னு கேளுங்க. எல்லாத்தையும் ஆன் பண்ணிட்டு மெயின்ல எத்தனை ஆம்பியர் போகுதுன்னு பாருங்க. டி.பி. பாக்ஸ்ல எந்த எம்.சி.பி. எதுக்குன்னு எழுதி ஒட்டச் சொல்லுங்க.

பழைய வீட்டுல ஆர்.சி.சி.பி. போட்டா முதல் வாரம் அடிக்கடி விழலாம். எங்க வீட்டுலயும் விழுந்தது. பின்னாடி பாத்ரூம் லைட்ல கசிவு, இன்வெர்ட்டர் நியூட்ரலும் வீட்டு நியூட்ரலும் ஒண்ணா முறுக்கியிருந்தது. அப்போ சிலர், "இது நம்ம வீட்டுக்கு செட் ஆகாது, கழட்டிடலாம்"னு சொல்வாங்க. கழட்டாதீங்க. அது தொல்லை குடுக்கல, இத்தனை வருஷமா இருந்த கசிவைக் காட்டிக் குடுக்குது. ஒவ்வொரு சர்க்யூட்டா ஆஃப் பண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. அதுக்கு அரை நாள் கூலி கூடக் கேட்டா குடுங்க. நியாயமான காசு.

கூலி விஷயத்துல ஒண்ணு சொல்றேன். ஹோட்டல்ல ஒரு பிரியாணிக்கு 350 ரூபா குடுத்துட்டு, உயிரைப் பணயம் வெச்சு வேலை பாக்கறவர்கிட்ட 200 ரூபாய்க்குப் பேரம் பேசறோம். பேரம் பேசினா அவர் குறைக்கப் போறது கூலியை இல்ல. ஜாயின்ட்டோட தரத்தை, நேரத்தை.

தறி இருக்கற வீட்டுக்காரங்க கவனிங்க

எங்க பக்கத்து வாசகர்களுக்கு இது. விசைத்தறி இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு இலவச மின்சாரத்தை 750-ல இருந்து 1,000 யூனிட்டா 2023-ல உயர்த்தினாங்க. கைத்தறிக்கு 200-ல இருந்து 300. "அதுல இருந்து ஒரு வயர் இழுத்து ஏசிக்குக் குடுத்துடலாமே"ன்னு யோசனை வரும். எங்க வீட்டுலயும் வந்தது. வேண்டாம். ஒரு காரியத்துக்குன்னு வாங்கின இணைப்பை வேற காரியத்துக்குப் பயன்படுத்தினா, 2003 மின்சாரச் சட்டம் 126-வது பிரிவுப்படி உரிய கட்டணத்தைப் போல ரெண்டு மடங்கு போட முடியும். சலுகைக்கே சிக்கல் வந்தா நஷ்டம் மாச பில்லோட நிக்காது. அதோட, ரெண்டு இணைப்பும் உள்ள வீட்டுல வயர் கலந்துட்டா, ஒரு மெயினை ஆஃப் பண்ணிட்டு வேலை பாக்கறவருக்கு இன்னொரு பக்கத்துல இருந்து கரண்ட் வரும். உயிருக்கே ஆபத்து.

தறிக்கூடத்துல பஞ்சுத் தூசி ஸ்விட்ச் போர்டு, ஸ்டார்ட்டர் உள்ள எல்லாம் படியும். சின்னப் பொறி போதும். மாசம் ஒரு தடவை மெயினை ஆஃப் பண்ணிட்டு, காய்ஞ்ச பிரஷ்ஷால தூசி தட்டுங்க. தறி மோட்டார் அதிர்வுல டெர்மினல் ஸ்க்ரூ லூஸ் ஆகும், அதையும் எலக்ட்ரீஷியன் வரும்போது டைட் பண்ணச் சொல்லுங்க.

கரண்ட் பில்லையும் கணக்குல சேருங்க

ஏசி வந்ததும் பில் எப்படி எகிறும்னு பாருங்க. 2024 ஜூலை உயர்வுக்கு அப்புறம், அரசு மானியம் போக நாம கட்டற ரேட் கணக்கு இது.

ரெண்டு மாசத்துக்கு 380 யூனிட்: முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.35 ரூபா, மீதி 180-க்கு 4.70. மொத்தம் 1,081 ரூபா.

தினம் 6 மணி நேரம், மணிக்கு ஒரு யூனிட்னு ஏசி ஓட்டினா 60 நாளைக்கு 360 யூனிட் கூடும். மொத்தம் 740. இப்போ 500-ஐத் தாண்டிட்டதால 2.35 ரூபா சலுகை ரேட்டே போயிடும். 101-ல இருந்து 400 வரைக்கும் 4.70, அடுத்த 100-க்கு 6.30, அடுத்த 100-க்கு 8.40, மீதி 140-க்கு 9.45. மொத்தம் 4,203 ரூபா.

யூனிட் ரெண்டு மடங்கு கூட ஆகல, பில் கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஏசி இ.எம்.ஐ. மாசம் 3,200-னு நான் போட்ட கணக்குல இந்த மாசம் 1,500-ஐச் சேர்க்க மறந்துட்டேன்.

இன்ஷூரன்ஸ் இருந்தா போதாதா?

வீட்டு இன்ஷூரன்ஸ் எடுக்கறது நல்லது. 2021 ஏப்ரல்ல இருந்து பாரத் கிருஹ ரக்‌ஷாங்கற ஸ்டாண்டர்டு பாலிசி எல்லா கம்பெனியிலயும் இருக்கு. தீ விபத்துக்குக் கவர் உண்டு. ஆனா ஷார்ட் சர்க்யூட், ஓவர்லோடு, கசிவால ஒரு மிஷின் தானா கருகிப் போனா, அந்த மிஷினுக்கு க்ளெய்ம் கிடையாது. அதுல இருந்து தீ பரவி எரிஞ்ச மத்த பொருளுக்குத்தான் கவர். உங்க ஏசி கருகினா நஷ்டம் உங்களுது, இ.எம்.ஐ.யும் உங்களுது.

அப்பா அம்மாவுக்கு 70 வயசுக்குள்ள இருந்தா, பேங்க்ல பிரதமர் சுரக்‌ஷா பீமா யோஜனா போட்டு விடுங்க. வருஷம் 20 ரூபா. விபத்துல உயிர் போனா 2 லட்சம். ஷாக் அடிச்சு இறக்கறதும் விபத்துதான். ஆனா இன்ஷூரன்ஸ் எல்லாம் நடந்ததுக்கு அப்புறம் பணம் தரும். ஆர்.சி.சி.பி. மட்டும்தான் நடக்காமலே பாத்துக்கும்.

வாடகை வீட்டுல இருக்கறவங்க

உங்க வீடு இல்லேன்னு விட்டுடாதீங்க. குடிபோறதுக்கு முன்னாடியே ஆர்.சி.சி.பி. இருக்கா, எர்த் இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வெச்சுப் பார்த்துடுங்க. இல்லேன்னா ஓனர்கிட்ட, "சார், நான் போட்டுக்கறேன், அட்வான்ஸ்லயோ வாடகையிலயோ கழிச்சுக்கலாமா?"ன்னு கேளுங்க. ஒத்துக்கிட்டா மெசேஜ்ல எழுதி வாங்கிக்கோங்க. ஒத்துக்கலேன்னாலும், அந்த 2,300 ரூபாயை உங்க உயிருக்குச் செலவு பண்ண யோசிக்காதீங்க.

இந்த ஞாயித்துக்கிழமை செய்ய வேண்டியது

ஊருக்குப் போனதும் மெயின் போர்டைத் திறக்காம, வெளியில இருந்தே பாருங்க. "டி" அல்லது "டெஸ்ட்"னு ஒரு பட்டன் இருக்கற கருவி இருக்கா? இருந்தா அழுத்துங்க. விழுந்தா நல்லது. விழலேன்னா மாத்தணும். மாசம் ஒரு தடவை இதைச் செய்யுங்க. அந்தக் கருவியே இல்லேன்னா அன்னைக்கே எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடுங்க.

வீட்டுல எல்லாருக்கும் மெயின் ஸ்விட்ச் எங்க இருக்குன்னு காட்டுங்க. யாருக்காவது ஷாக் அடிச்சா அவரை வெறுங்கையால பிடிச்சு இழுக்கக் கூடாது, முதல்ல மெயினை ஆஃப் பண்ணணும், முடியலேன்னா காய்ஞ்ச கட்டையால தள்ளணும், உடனே 108-க்குக் கூப்பிடணும்னு சொல்லிக் குடுங்க.

அப்புறம் முக்கியமா, அம்மாகிட்டக் கேளுங்க: "மிஷின், ஃப்ரிட்ஜ், மோட்டார் ஸ்விட்ச், எங்கயாவது தொட்டா ஜிவ்வுனு இருக்காம்மா?"

"கொஞ்சமா இருக்கு, பரவாயில்ல"ன்னு சொன்னாங்கன்னா, பரவாயில்லைன்னு விட்டுடாதீங்க. நான் ரெண்டு மாசம் விட்டேன். ஒண்ணும் ஆகாதது என் புத்திசாலித்தனம் இல்ல. அம்மா செருப்பு போட்டிருந்தாங்க, அவ்வளவுதான்.